வினேஷ் போகத்: 48, 50, 53 கிலோ. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினேஷ் போகத் என்றாலே "அந்த 100 கிராம்" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியன்று காலை எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இந்த மல்யுத்த வீராங்கனை தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஆனால் எடையோடு அவர் நடத்திய போராட்டம் பாரிஸில் தொடங்கியதல்ல. பத்து ஆண்டுகளுக்கு மேல் மூன்று எடைப்பிரிவுகளுக்கு இடையே ஏறியும் இறங்கியும் வந்தவர் அவர். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் பாரிஸ் காலைப்பொழுதும் புரியும். மல்யுத்தத்தை அதிகம் பார்க்காதவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வினேஷ் எந்த ஊர்க்காரர்?

ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மாவட்டத்தில் உள்ள பலாலி கிராமம். பிறந்தது 1994 ஆகஸ்ட் 25. அவர் பிறந்த சமயத்தில் அந்த ஊர் பிவானி மாவட்டத்தில் இருந்தது.

அமீர்கான் நடித்த 'தங்கல்' என்ற இந்திப் படத்தில் வரும் குடும்பம்தானே இது?

ஆமாம், அதே குடும்பம். ஆனால் படம் கீதா, பபிதா என்ற அக்கா தங்கையைப் பற்றியது. அவர்களுடைய அப்பா மகாவீர் சிங் போகத். அவருடைய தம்பி ராஜ்பாலின் மகள்தான் வினேஷ். கீதாவுக்கும் பபிதாவுக்கும் சித்தப்பா மகள்.

வினேஷுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நிலத்தகராறில் அப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு அம்மா பிரேம்லதாவுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அம்மா சிகிச்சை எடுத்துக்கொண்டே வினேஷையும் அக்கா பிரியங்காவையும் வளர்த்தார். மல்யுத்தத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது பெரியப்பா மகாவீர்தான். பெண் பிள்ளைகளைக் களத்தில் இறக்குவதை ஊரே எதிர்த்தது, அவர் கேட்கவில்லை. 2010 டெல்லி காமன்வெல்த்தில் கீதா தங்கம் வென்ற பிறகுதான் ஊரின் பேச்சு மாறியது. அப்போது வினேஷுக்கு வயது 16.

படத்தைப் பார்த்துவிட்டு வினேஷையும் அந்தக் கதையின் ஒரு பகுதியாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் விட நீண்ட தூரம் போனவர் வினேஷ். அதுவும் அப்பா இல்லாமல்.

எடைப்பிரிவு என்பது எப்படி வேலை செய்கிறது?

ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஆறு பிரிவுகள்: 50, 53, 57, 62, 68, 76 கிலோ. 2018-க்கு முன்பு மிகக் குறைந்த பிரிவு 48 கிலோ. 50 கிலோவில் விளையாடுபவரின் அன்றாட எடை 50 என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் பயிற்சிக் காலத்தில் சில கிலோ கூடுதலாகவே இருப்பார்கள். போட்டி நெருங்கும்போது சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் குறைத்து, வியர்வையாக வெளியேற்றி எடையை இறக்குவார்கள். எடை பார்த்து முடித்ததும் சாப்பிட்டு, குடித்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு களத்தில் இறங்குவார்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

வினேஷின் இயல்பான எடை 55 முதல் 57 கிலோ என்று சொல்லப்பட்டது. அப்படியென்றால் 53 கிலோவுக்கே அவர் உடம்பைப் பிழிய வேண்டும். 50 கிலோ என்றால் கேட்கவே வேண்டாம்.

பாரிஸுக்கு முன்பு எடையால் அவருக்குச் சிக்கல் வந்ததுண்டா?

வந்தது. 2016 ஏப்ரலில் மங்கோலியாவில் ரியோ ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி. 48 கிலோ பிரிவு. 400 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதமே இஸ்தான்புல்லில் நடந்த இன்னொரு தகுதிப் போட்டியில் எல்லோரையும் வென்று ரியோவுக்கு இடம் பிடித்தார்.

ரியோவில் என்ன ஆனது?

முதல் போட்டியில் ருமேனியாவின் அலினா வுக்கை 11-0 என்று வென்றார். கால்இறுதியில் எதிரே சீனாவின் சுன் யானன். ஒரு பிடியில் வினேஷின் வலது முழங்கால் திரும்பி, தசைநார் கிழிந்தது. அழுதுகொண்டே ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அன்றைக்கே, 2016 ஆகஸ்ட் 17 அன்று, 58 கிலோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்று ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். நாடு முழுக்க அந்தக் கொண்டாட்டம், வினேஷுக்கு அறுவை சிகிச்சை மேசை.

இரண்டு ஆண்டு கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் சுற்றிலேயே அதே சுன் யானன் எதிரே வந்தார். வினேஷ் 8-2 என்று வென்றார். இறுதிப் போட்டியில் ஜப்பானின் யூகி இரியை 6-2. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை என்ற பெயர் அன்று கிடைத்தது. 2019-ல் லாரியஸ் என்ற உலக விளையாட்டு விருதுகளில் 'மீண்டு வந்தவர்' பிரிவுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. லாரியஸ் பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீரர் அவரே.

அவருடைய முக்கியப் பதக்கங்கள் என்னென்ன?

காமன்வெல்த் தங்கங்களைத்தான் நான் முதலில் சொல்வேன், காரணம் இருக்கிறது. 2014 கிளாஸ்கோவில் 48 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட்டில் 50 கிலோ. 2022 பர்மிங்காமில் 53 கிலோ, கடைசிப் போட்டியில் இலங்கையின் சமோத்யா கேஷானியை வீழ்த்தினார். மூன்று போட்டிகள், மூன்று எடைப்பிரிவுகள், மூன்று தங்கம். எடைப்பிரிவு மாறினால் எதிராளிகளின் உயரம், பலம், வேகம் எல்லாமே மாறும். அதையும் மீறி ஒவ்வொரு முறையும் முதலிடம்.

ஆசிய விளையாட்டில் 2014 இஞ்சியோனில் வெண்கலம், 2018-ல் தங்கம். உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு வெண்கலம்: 2019 நூர்-சுல்தான், 2022 பெல்கிரேடு. உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். இரண்டிலுமே ஆரம்பத்தில் ஒரு தோல்வி, பிறகு ரெபசாஜ் (இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பு) வழியாக ஏறி வந்தார். நூர்-சுல்தானில் ஜப்பானின் மாயு முகைதாவிடம் தோற்ற பிறகு அமெரிக்காவின் சாரா ஹில்டிபிராண்டையும் கிரீஸின் மரியா பிரெவோலராகியையும் வென்றுதான் வெண்கலமும் டோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பும் பெற்றார். அந்த ஹில்டிபிராண்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிய சாம்பியன்ஷிப்பில் 2021 அல்மாட்டி தங்கம் உட்பட பல பதக்கங்கள். விருதுகளில் 2016-ல் அர்ஜுனா, 2020-ல் கேல் ரத்னா.

டோக்கியோவில் முதல் தரவரிசையில் இருந்தும் ஏன் தோற்றார்?

53 கிலோவில் முதலிடத் தரவரிசையோடு போனார். முதல் போட்டியில் ஸ்வீடனின் சோஃபியா மேட்சனை 7-1 என்று வென்றார். கால்இறுதியில் பெலாரஸின் வனேசா கலாட்ஜின்ஸ்கயா அவரை மல்லாக்கச் சாய்த்துப் போட்டியை முடித்தார். அன்று அவர் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. தலையில் பட்ட பழைய அடி, கொரோனா, மனச்சோர்வு எல்லாவற்றையும் பற்றிப் பின்னர் அவரே வெளிப்படையாக எழுதினார்.

ஊர் திரும்பியதும் ஒழுங்கு மீறல் என்று சொல்லி இந்திய மல்யுத்த சம்மேளனம் அவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது. தோற்றுத் திரும்பிய ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது "உடம்பு எப்படி இருக்கிறது?" என்பதுதான். அதைக் கேட்பதற்கு முன்பே நோட்டீஸ் போனது.

ஜந்தர் மந்தர் போராட்டம் எதற்காக?

அப்போது சம்மேளனத் தலைவராக இருந்த, பாஜக எம்.பி.யான பிரிஜ் பூஷன் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு சொல்லி 2023 ஜனவரியில் வினேஷ், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் மீண்டும் போராட்டம். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்ட நாளில், அங்கே ஊர்வலமாகப் போக முயன்றவர்களைப் போலீஸ் இழுத்துப் பிடித்தது. இரண்டு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விடப்போவதாக ஹரித்வார் போனார்கள், விவசாய சங்கத் தலைவர் நரேஷ் டிகைத் பேசித் தடுத்தார்.

வழக்கு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: குற்றச்சாட்டுகளை பிரிஜ் பூஷன் மறுத்துவந்தார். பெண் வீராங்கனைகள் கொடுத்த புகாரில் அவர் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்ய 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. வயது குறைந்தவர் என்று சொல்லப்பட்ட ஒருவரின் புகார் மீதான தனி வழக்கு, போலீஸ் கொடுத்த அறிக்கையை ஏற்று 2025 மே மாதம் முடிக்கப்பட்டது.

2023 டிசம்பரில் நடந்த சம்மேளனத் தேர்தலில் பிரிஜ் பூஷனுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் தலைவரானார். சாக்‌ஷி அன்றே மல்யுத்தத்திலிருந்து விலகினார். வினேஷ் தன் கேல் ரத்னாவையும் அர்ஜுனாவையும் டெல்லி கர்த்தவ்ய பாதையின் நடைபாதையில் வைத்துவிட்டு வந்தார்.

ஆசிய விளையாட்டுக்குத் தகுதிச் சுற்று இல்லாமல் நேரடியாக இடம் வாங்கினார் என்கிறார்களே?

உண்மைதான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு வினேஷுக்கும் பஜ்ரங்குக்கும் தகுதிச் சுற்றிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 53 கிலோவில் வளர்ந்து வந்த அன்திம் பங்கல் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தவர்களுக்குப் பயிற்சி நேரம் வேண்டும் என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் அன்திம் கேட்டது நியாயமான கேள்வி. வினேஷை எவ்வளவு மதித்தாலும் இந்த விஷயத்தில் நான் அன்திம் பக்கம்தான். கடைசியில் ஆகஸ்டில் வினேஷுக்கு இன்னொரு முழங்கால் காயம், மும்பையில் அறுவை சிகிச்சை. ஹாங்சோவுக்கு அன்திம் போய் வெண்கலத்தோடு வந்தார்.

அப்படியென்றால் பாரிஸில் ஏன் 53-ல் விளையாடாமல் 50-க்கு இறங்கினார்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். வினேஷ் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்த 2023 செப்டம்பரில், அன்திம் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்று 53 கிலோவில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடத்தை வாங்கிவிட்டார். சம்மேளனத்திலோ யார் பொறுப்பில் இருப்பது என்ற குழப்பம். 53-க்கு மறுபடி தகுதிச் சுற்று நடக்குமா நடக்காதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை.

2024 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த தேர்வில் வினேஷ் 50, 53 என்று இரண்டு பிரிவிலும் ஒரே நாளில் இறங்கினார். 53-ல் அஞ்சு என்ற வீராங்கனையிடம் 0-10 என்று தோற்றார். 50-ல் ஷிவானி பவாரை வென்றார். அப்புறம் ஏப்ரலில் பிஷ்கெக்கில் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிலோ இடம் உறுதியானது.

ஆக, 29 வயதில், இரண்டு முழங்காலும் அறுவை கண்ட உடம்போடு, இயல்பை விட ஐந்து ஆறு கிலோ கீழே இருக்கும் பிரிவில் ஒலிம்பிக்குக்குப் போனார். அது ஆசைப்பட்டு எடுத்த முடிவு அல்ல, அவருக்குத் திறந்திருந்த ஒரே கதவு அதுதான்.

2024 ஆகஸ்ட் 6: யுயி சுசாகியை எப்படி வென்றார்?

சுசாகி யார் என்று முதலில் சொல்ல வேண்டும். டோக்கியோவில் ஒரு புள்ளி கூட விடாமல் தங்கம் வென்றவர். அப்போதே நான்கு முறை உலக சாம்பியன். வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்றதில்லை, 82 போட்டிகளில் 82 வெற்றி. அவரைத் தோற்கடித்தவர் ஜப்பானுக்குள்ளேயே ஒருவர்தான், யூகி இரி. ஜகார்த்தா இறுதிப் போட்டியில் வினேஷ் வென்றாரே, அதே இரி.

முதல் சுற்றிலேயே சுசாகி என்று தெரிந்ததும் இங்கே பலர் கைவிட்டுவிட்டார்கள். வினேஷும் அவருடைய ஹங்கேரிப் பயிற்சியாளர் வோலர் அகோஸும் எளிமையான ஒரு திட்டத்தோடு வந்தார்கள்: சுசாகியைக் காலுக்குள் வரவிடாதே. ஆறு நிமிடத்தில் பெரும்பகுதி வினேஷ் கைகளைக் கட்டிப்போட்டு, தலையால் முட்டி, தூரத்தைக் காத்துக்கொண்டே இருந்தார். தாக்கவில்லை என்பதற்காக இரண்டு முறை சுசாகிக்கு ஒவ்வொரு புள்ளி போனது. 0-2. அந்தப் புள்ளிகளைக் கொடுத்தாலும் பரவாயில்லை, இரண்டு புள்ளி தரும் ஒரு டேக்டவுன் (எதிராளியைக் கீழே வீழ்த்துவது) போதும் என்பதுதான் கணக்கு. கடைசிச் சில நொடிகளில் சுசாகி ஒரு கணம் தளர்ந்தார். வினேஷ் உள்ளே புகுந்து அவரைக் கீழே தள்ளினார். 2-2, ஒரே பிடியில் இரண்டு புள்ளி எடுத்ததால் முன்னிலை வினேஷுக்கு. ஜப்பான் தரப்பு மேல்முறையீடு செய்து அதுவும் தோற்றதால் இன்னொரு புள்ளி. 3-2. வினேஷ் மல்யுத்த விரிப்பில் படுத்துக்கொண்டு அழுதார்.

என்னைக் கேட்டால், இந்திய மல்யுத்தத்தில் ஒரே ஒரு போட்டியில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான். ஆண், பெண் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்து உக்ரைனின் ஒக்சானா லிவாச் 7-5, அரையிறுதியில் கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மான் 5-0. ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்குப் போன முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. இறுதியில் எதிரே சாரா ஹில்டிபிராண்ட்.

அன்று காலை எடை சரியாக இருந்தது, மறுநாள் எப்படிக் கூடியது?

ஆகஸ்ட் 6 காலை எடை 49.9 கிலோ. அதன்பின் மூன்று போட்டி விளையாடத் தெம்பு வேண்டும், சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். வழக்கமாக அவருக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு ஏறும் என்பது ஊட்டச்சத்து நிபுணரின் கணக்கு. அன்று மாலை பார்த்தபோது 52.7 கிலோ. 2.7 கிலோவை ஓர் இரவில் இறக்க வேண்டும். ஓடினார், சைக்கிள் மிதித்தார், நீராவிக் குளியலில் உட்கார்ந்தார். தண்ணீர் இல்லை, தூக்கம் இல்லை. முடியைக் கொஞ்சம் வெட்டினார்கள், உடையின் நீளத்தைக் குறைத்தார்கள். காலையில் 100 கிராம் மீதி. அதற்கு மேல் உடம்பில் வியர்க்க ஒன்றும் இல்லை. பிறகு அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ரியோ காலத்து விதியாக இருந்திருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. அப்போது முந்தைய நாள் எடை பார்த்து, மறுநாள் ஒரே நாளில் எல்லாச் சுற்றும் முடிந்துவிடும். பிறகுதான் ஒரு பிரிவை இரண்டு நாளுக்கு நீட்டி, இரண்டு நாளும் காலையில் எடை பார்க்கும் முறை வந்தது. ஆபத்தான எடைக் குறைப்பைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம்.

அரையிறுதி வரை நியாயமாக வென்றாரே, வெள்ளியாவது கொடுத்திருக்கலாமே?

உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் விதி: முதல் நாளோ இரண்டாம் நாளோ எடையில் தவறினால் முழுப் போட்டியிலிருந்தும் நீக்கம், பட்டியலில் கடைசி இடம். சில தரவரிசைப் போட்டிகளில் 2 கிலோ வரை சலுகை உண்டு, ஒலிம்பிக்கில் ஒரு கிராம் கூடக் கிடையாது. வினேஷிடம் அரையிறுதியில் தோற்ற குஸ்மான் இறுதிக்குப் போய், 3-0 என்று தோற்று வெள்ளி வாங்கினார். சுசாகிக்கு வெண்கலம்.

வினேஷ் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் போனார், குஸ்மானோடு சேர்ந்து தனக்கும் வெள்ளி வேண்டும் என்று கேட்டார். ஆகஸ்ட் 14-ல் மனு தள்ளுபடி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நடுவர் அனாபெல் பென்னட் தீர்ப்பளித்தார். எந்தத் தவறும் செய்யாதவர் இரண்டாம் நாள் எடையில் தவறினால் அதன் விளைவு மிகக் கொடூரமாக இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டார்.

எடை கூடினால் இறுதிப் போட்டியில் விளையாட முடியாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. முந்தைய நாள் சரியான எடையில் வென்ற மூன்று போட்டிகளையும் சேர்த்து அழிப்பதில்தான் நியாயம் இல்லை.

இதில் சதி ஏதாவது?

அதற்கான ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. எடையைக் கவனிப்பது வீராங்கனையும் அவருடைய பயிற்சிக் குழுவும்தான், ஒலிம்பிக் சங்கத்தின் மருத்துவர்கள் அல்ல என்று சங்கத் தலைவர் பி.டி. உஷா சொன்னார். விதிப்படி அது சரி. அதே சமயம் அவரை 50 கிலோவுக்குத் தள்ளிய அந்த ஓராண்டுக் குழப்பத்துக்குப் பலர் பொறுப்பு.

இப்போது என்ன செய்கிறார்?

தகுதி நீக்கத்துக்கு மறுநாளே ஓய்வு அறிவித்தார். 2024 செப்டம்பரில் ரயில்வே வேலையை விட்டு காங்கிரசில் சேர்ந்தார். ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் ஜுலானா தொகுதியில் 6,015 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜுலானா அவர் வாக்கப்பட்டுப் போன பகுதி. கணவர் சோம்வீர் ரதியும் மல்யுத்த வீரர், 2018 டிசம்பரில் திருமணம். 2025 ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது.

மீண்டும் விளையாட வருகிறாராமே?

2025 டிசம்பரில் ஓய்வைத் திரும்பப் பெற்று, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை நோக்கிப் பயிற்சி செய்யப்போவதாக அறிவித்தார். அந்த ஒலிம்பிக் நடக்கும் ஜூலையில் அவருக்கு 34 நிறைய ஒரு மாதம் இருக்கும். முழங்கால்கள் தாங்குமா, குழந்தை பெற்ற பிறகு பழைய வேகம் திரும்புமா என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விகள்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எந்தப் பிரிவில் இறங்குவார் என்பது. 53-ல் அன்திம் இருக்கிறார், இன்னும் இளையவர், உலகப் பதக்கம் பெற்றவர். அதற்காக வினேஷ் மறுபடி 50-க்கு இறங்கிவிடக் கூடாது. 53-ல் நேருக்கு நேர் அன்திமோடு மோதட்டும், இல்லையென்றால் தன் இயல்பான எடைக்குப் பொருந்தும் 57-க்கு ஏறட்டும். அந்தத் தகுதிச் சுற்றைச் சம்மேளனம் முன்கூட்டியே தேதி சொல்லி நடத்த வேண்டும்.